போலந்துப் பங்கேடுகளில் முன்னோரைத் தேடுதல்

போலந்து வமிசத்தில் வந்த ஒருவர் தம் பூர்வீகரைத் தேடப் புறப்படும்போது, அவர்கள் எந்த ஊரினர், அவ்வூர் எந்தக் கோயிற் பங்கைச் சேர்ந்தது, அப்பங்கு அக்காலத்தில் எந்த அரசின் ஆளுகைக்கு உட்பட்டிருந்தது என்னும் மூன்று விஷயங்களையும் நிச்சயப்படுத்திக்கொள்ளாமல், பெயரை மட்டும் கையில் வைத்துக்கொண்டு ஏடுகளைப் புரட்டத் தொடங்குவாரானால், மாதக்கணக்கில் பிரயாசைப்பட்ட பின்னும் யாரோ ஓர் அந்நியருடைய பாட்டனாரைத் தம் பாட்டனாரென்று வரித்துக்கொள்ளும் அபாயத்துக்கே ஆளாவார். போலந்தில் மிகுதியாக வழங்கும் குடும்பப் பெயர் நோவாக் என்பது. யான் என்பதோ ஆண்மக்களுக்கு இடும் பெயர்களில் பழமையும் பரவலும் வாய்ந்தது. யான் நோவாக் என்ற பெயருடைய குடியானவர்கள் ஒரே தலைமுறையில், ஒரே பங்கில், மூவர் நால்வர் வாழ்ந்திருப்பது சர்வ சாதாரணம். ஆகையால், பெயர் தேடலுக்கு ஆரம்பமாகுமே ஒழிய அத்தாட்சி ஆகாது என்ற நியமத்தை இவ்வத்தியாயம் முழுவதும் வாசகர் மனத்திற்கொள்ள வேண்டுகிறேன்.

அரசுகளைப் பற்றிய செய்தியை முதலில் கூறிவிடலாம். 1772, 1793, 1795 ஆகிய ஆண்டுகளில் நிகழ்ந்த மூன்று பிரிவினைகளினால் ருஷியா, பிரஷ்யா, ஆஸ்திரியா என்னும் அண்டை வல்லரசுகள் போலந்து ராஜ்யம் முழுவதையும் தம்முள் பகிர்ந்துகொண்டுவிட, 1918-ஆம் ஆண்டு வரையில் போலந்து என்ற சுதந்திர நாடு ஐரோப்பாவின் படத்தில் இல்லாமற் போயிற்று. வார்சா, லூப்ளின் முதலிய பிரதேசங்கள் முடிவில் ருஷியச் சக்கரவர்த்தியின் கீழும், போஸ்னானும் கடலோர நகரமான க்தான்ஸ்கும் பிரஷ்யாவின் கீழும், கலீசியா என்று பெயர் பெற்ற தென்பகுதி ஆஸ்திரியாவின் கீழும் அமைந்தன. பங்கேட்டின் பாஷை, அதன் அமைப்பு, அதில் எத்தனை தலைமுறைச் செய்தி அடங்கியிருக்கும் என்பன யாவும் இம்மூன்றில் எந்த ஆட்சி என்பதைப் பொறுத்தவை. சமுத்திரம் கடந்து அமெரிக்கா சென்ற ஒருவருடைய பத்திரத்தில் பிறந்த நாடு என்ற இடத்தில் ருஷியா என்றோ ஆஸ்திரியா என்றோ எழுதியிருக்கக் கண்டு, நம் முன்னோர் போலந்து ஜாதியினரே அல்லர் போலும் என்று மயங்கித் தேடலைக் கைவிட்டவர்கள் உண்டு. உண்மையில் அச்சொல் மிகவும் பயனுள்ள சொல்; மூன்று பெரும் பகுதிகளில் இரண்டை அது ஒரேயடியாக விலக்கிவிடுகிறது.

ஊரின் பெயரைக் கண்டுபிடிப்பதற்குரிய சாதனங்கள் பெரும்பாலும் போலந்தில் இல்லை. குடும்பம் குடியேறிய நாட்டில்தான் இருக்கின்றன. ஹாம்பர்க் துறைமுகத்திலிருந்து புறப்பட்ட பிரயாணிகளின் பட்டியல்கள் 1850 முதல் 1934 வரையில் பெரும்பாலும் பிழைத்திருக்கின்றன. பிரேமன் துறைமுகத்துப் பட்டியல்களோ மிகுதியும் அழிந்துவிட்டன. அமெரிக்கக் குடியுரிமைக்காக 1906-க்குப் பின் கொடுக்கப்பட்ட மனுக்களில் பிறந்த ஊரைக் குறிக்கவேண்டும் என்ற விதி இருந்தது. இவை எல்லாவற்றிலும் நம்பகமானவை, என் அபிப்பிராயத்தில், குடியேறியவர்கள் தாங்களே கட்டிக்கொண்ட கோயில்களின் விவாக ஏடுகளே. சிகாகோவில் 1867-இல் ஸ்தாபிக்கப்பட்ட புனித ஸ்தனிஸ்லாவ் கொஸ்த்கா பங்கு போன்ற போலிஷ் பங்குகளில் குருவானவரும் போலிஷ்காரரே. கப்பல் குமாஸ்தா காதில் விழுந்ததை விழுந்தபடி கிறுக்கிய ஊர்ப்பெயரை அவர் சரியான எழுத்துக் கூட்டி எழுதக்கூடியவர்.

ஊர்ப்பெயர் கிடைத்துவிட்டதென்று ஆறுதல் கொள்வதற்கும் இல்லை. தோம்ப்ரோவா, நோவா வியெஷ், வோலா என்ற பெயர்களில் அந்நாட்டில் பற்பல கிராமங்கள் இருக்கின்றன. இந்த இடர்ப்பாட்டுக்கு மருந்தாக அமைந்திருப்பது, 1880 முதல் 1902 வரையில் வார்சாவில் பதினைந்து தொகுதிகளாக வெளிவந்த போலந்து ராஜ்யத்தினுடையவும் ஏனைய ஸ்லாவிய நாடுகளுடையவும் பூகோள அகராதி. ஒரே பெயருள்ள கிராமங்களை எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தி, ஒவ்வொன்றும் எந்த வட்டத்தில் உள்ளது, எந்தப் பங்கைச் சேர்ந்தது, எத்தனை வீடுகள் கொண்டது என்று அந்த மகத்தான நூல் சொல்லிச் செல்கிறது. சிறு கிராமங்களில் கோயில் இல்லை. மக்கள் சில மைல் நடந்து அடுத்த ஊர்க் கோயிலுக்குச் சென்று குழந்தைக்கு ஞானஸ்நானம் பெற்றார்கள். ஆகையால் தேடவேண்டியது அந்த அடுத்த ஊரின் ஏட்டையே. பங்கின் எல்லை காலத்துக்குக் காலம் மாறியதும் உண்டு; ஒரு கிராமத்தின் பதிவுகள் குறிப்பிட்ட ஆண்டில் திடீரென்று நின்றுபோனால், அவ்வாண்டில் புதுக் கோயில் ஒன்று எழுந்ததா என்று பார்ப்பது நலம்.

ஏடுகள் உண்டான வரலாறு சுருக்கமானது. திரெந்துப் பொதுச்சங்கம் 1563-இல் ஞானஸ்நானத்தையும் விவாகத்தையும் குருமார்கள் பதிவு செய்யவேண்டுமென்று விதித்தது. 1614-இல் வெளிவந்த ரோமைச் சடங்கு நூல் மரணப் பதிவையும் கட்டளையிட்டது. தமிழ்நாட்டுக் கடற்கரைப் பங்குகளில் இன்றும் குருவானவரின் அறையில் இருக்கும் ஞானஸ்நானப் புத்தகம் இதே விதியின் வழி வந்ததாகையால், அதைக் கண்ட வாசகர்களுக்குப் போலந்து ஏடு முற்றிலும் அந்நியமாகத் தோன்றாது. ஆனால் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதி வரையில் அங்கே பதிவு என்பது இரண்டு மூன்று வரி லத்தீன் வாசகமே. தாயின் பிறந்தகத்துப் பெயரைக்கூடப் பல குருமார்கள் எழுதவில்லை. நம் வேலைக்கு உயிர் ஊட்டியது அதற்குப் பின் அரசாங்கங்கள் தம் வரி, படை, நீதி ஆகிய தேவைகளுக்காகக் குருவானவரையே பதிவதிகாரியாக நியமித்த ஏற்பாடு.

இவற்றுள் மிகவும் சுவையானவை ருஷியப் பகுதியான போலந்து ராஜ்யத்தின் பதிவுகள். நெப்போலியன் நிறுவிய வார்சா சிற்றரசில் 1808-இல் பிரெஞ்சுச் சட்டத் தொகுதி அமலுக்கு வந்தபோது, ஒவ்வொரு ஜனனமும் விவாகமும் மரணமும் போலிஷ் பாஷையில் ஒரு நீண்ட வாக்கியப் பத்தியாக எழுதப்பட வேண்டுமென்று ஏற்பட்டது. அச்சிற்றரசு மறைந்த பின்னும் அவ்வமைப்பு மறையவில்லை. ஒரு ஜனனப் பதிவை அருகில் வைத்துப் பார்ப்போம். இது இன்ன ஊரில், இன்ன ஆண்டு, இன்ன மாதம், இன்ன தேதி, காலை அல்லது பிற்பகல் இத்தனை மணிக்கு நிகழ்ந்தது என்று தொடங்கும். தேதியும் ஆண்டும் எண்ணால் அன்றி எழுத்தாலேயே எழுதப்பட்டிருக்கும். பின்பு தகப்பன் நேரில் வந்தான் என்றும், அவன் பெயர், தொழில், வயது, வசிக்கும் கிராமம் இன்னவை என்றும் வரும். அவனுடன் வந்த இரு சாட்சிகளின் பெயரும் தொழிலும் வயதும் அடுத்து வரும். அவர்கள் முன்னிலையில் அவன் ஓர் ஆண் குழந்தையையோ பெண் குழந்தையையோ காட்டினான் என்றும், அது நேற்றோ முந்தாநாளோ இத்தனை மணிக்குத் தன் மனைவியான இன்ன பிறந்தகத்துப் பெயருடைய, இத்தனை வயதுள்ள பெண்ணிடம் பிறந்தது என்றும் அறிவித்தான் என்றும் வரும். அதன் பிறகு குழந்தைக்கு இட்ட பெயர், ஞானத்தந்தை, ஞானத்தாய் ஆகியோர். முடிவில், இப்பத்திரம் அறிவித்தவனுக்கும் சாட்சிகளுக்கும் வாசித்துக் காட்டப்பட்டது, அவர்கள் எழுத அறியாதவர்களாகையால் குருவானவர் மட்டும் கையொப்பமிட்டார் என்று நிற்கும். எழுத்தறியாத கூலியாள் ஒருவன் குளிர்காலத்துக் காலை பத்து மணிக்குத் தன் பச்சிளங்குழந்தையைப் போர்த்தி எடுத்துக்கொண்டு, அயல்வீட்டார் இருவர் துணைவர, கோயில் மனையின் வாயிலில் நின்ற அந்த நாழிகை வரையில் நமக்குக் கிடைத்துவிடுகிறது. பிரபுக்களின் வமிசங்களுக்கு வேறு நூல்கள் உண்டு. ஏழைகளுக்கு இந்த ஏட்டைத் தவிர வேறு சரித்திரம் இல்லை என்பதால், இதை நிதானமாகவும் மரியாதையோடும் வாசிக்கக் கற்றுக்கொள்வது அவசியம் என்று நான் கருதுகிறேன்.

பத்தி நீளமாயிருக்கிறதே என்று பாஷை தெரியாதவர்கள் மலைக்க வேண்டியதில்லை. ஒரே வாசகம் பங்குக்குப் பங்கு, ஆண்டுக்கு ஆண்டு திரும்பத் திரும்ப வருவதால், அதன் எலும்புக்கூட்டை மனப்பாடம் செய்துகொண்டவர் பெயரும் வயதும் ஊரும் எந்த இடத்தில் வரும் என்பதை விரைவில் அறிந்துகொள்வார். ஒவ்வோர் ஆண்டின் முடிவிலும் பெயர் அகராதி ஒன்று பெரும்பாலும் உண்டு. அதில் காணும் எண்ணே பத்திரத்தின் எண். எனினும் அகராதியை மட்டும் நம்பி இருத்தல் ஆகாது. அவசரமாக எழுதிய எழுத்தர் சில பெயர்களை விட்டிருப்பார். சிலவற்றை மாற்றி எழுதியிருப்பார். சிறிய பங்காயின் இருபது ஆண்டு ஏடுகளை முதலிலிருந்து முடிவு வரை பத்திரம் பத்திரமாகப் பார்ப்பதே, முதலில் சிரமமாகத் தோன்றினும், முடிவில் காலத்தை மிச்சப்படுத்தும் வழி.

1868 முதல் இவ்வேடுகள் ருஷிய பாஷையில் எழுதப்பட வேண்டுமென்று உத்தரவாயிற்று. அந்நிலை முதல் மகாயுத்தம் வரையில் நீடித்தது. இதனால் பலர் அஞ்சி ஒதுங்குகிறார்கள். ஆனால் வாசக அமைப்பு பழையதே. பாஷையும் லிபியும் மட்டுமே மாறின. பெரும்பாலான குருமார்கள் குடும்பப் பெயரை ருஷிய எழுத்தில் எழுதியபின் அடைப்புக்குள் போலிஷ் எழுத்திலும் எழுதி வைத்தார்கள். ருஷிய நெடுங்கணக்கை இரண்டு வாரம் பயின்றால் போதும். இங்கே கவனிக்கவேண்டியது தேதி. ருஷியா ஜூலியன் பஞ்சாங்கத்தையும் போலந்து மக்கள் கிரிகோரியன் பஞ்சாங்கத்தையும் அனுசரித்தமையால், பத்திரத்தில் இரண்டு தேதிகள் ஒன்றையடுத்து ஒன்றாக இருக்கும். முதலாவது ருஷியத் தேதி, இரண்டாவது நம் தேதி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இரண்டுக்கும் 12 நாள் வித்தியாசம். 1900 மார்ச் மாதத்துக்குப் பின் 13 நாள். ஆண்டின் இறுதியில் பிறந்த குழந்தைக்கு இரு வேறு ஆண்டுகளே வந்துவிடுவதும் உண்டு. குடும்பத்தில் வழிவழியாகச் சொல்லப்பட்ட பிறந்தநாளும் பத்திரத்திலுள்ள நாளும் 12 நாள் வேறுபட்டால், வேறு மனிதர் என்று தள்ளிவிடலாகாது.

ஆஸ்திரியாவின் கலீசியாவில் கதை வேறு. சக்கரவர்த்தி இரண்டாம் ஜோசப் 1784-இல் பிறப்பித்த ஆணையின்படி, ஏடு கட்டங்களாகப் பிரிக்கப்பட்டு லத்தீனில் எழுதப்பட்டது. பிறந்த தேதி, ஞானஸ்நானத் தேதி, வீட்டு எண், குழந்தையின் பெயர், மதம், ஆணா பெண்ணா, விவாக பந்தத்தில் பிறந்ததா அல்லவா, பெற்றோர், ஞானப்பெற்றோரும் அவர்கள் நிலையும் என்று கட்டங்கள் செல்லும். மருத்துவச்சியின் பெயரும் வரும். பிற்காலத்து ஏடுகளில் தந்தைவழி, தாய்வழிப் பாட்டன் பாட்டிமாரின் பெயர்கள்கூட வருவதுண்டு; அத்தகைய ஒரே வரி மூன்று தலைமுறைகளைக் கொடுத்துவிடும். இவற்றுள் விலைமதிப்பற்றது வீட்டு எண். ஒரு கிராமத்தின் 27-ஆம் எண் வீட்டில் பிறந்தவர்கள், மணந்தவர்கள், மாண்டவர்கள் எல்லாரையும் ஒரே தாளில் வரிசைப்படுத்திப் பாருங்கள். ஒரே பெயர்கொண்ட இரு குடும்பங்கள் தாமே பிரிந்து நிற்கும். மரண ஏட்டில் நோயின் பெயருக்கென்று ஒரு கட்டம் உண்டு. 1831-ஆம் ஆண்டுக் காலரா ஒரு பங்கில் புகுந்தபோது, அக்கட்டத்தில் ஒரே சொல் பக்கம் முழுதும் கீழ்நோக்கி வருவதைக் காணலாம். அத்தகைய ஆண்டுகளை அடுத்து மறுவிவாகங்கள் பெருகும். ஒரு பெண் இரண்டாம் முறை மணந்தபோது, முதற் கணவனுடைய பெயராலேயே விதவை என்று குறிக்கப்பட்டிருப்பாள் ஆதலால், அவள் பிறந்தகத்தை அறிய முதல் விவாகப் பத்திரத்தையே தேடவேண்டும்.

கலீசியாவின் கிழக்குப் பாதியில் ரோமைக் கத்தோலிக்கரும் கிரேக்கக் கத்தோலிக்கரும் கலந்து வாழ்ந்து ஒருவரை ஒருவர் மணந்தனர். அங்கே ஆண்மக்கள் தந்தையின் சடங்கு முறையையும், பெண்மக்கள் தாயின் முறையையும் பின்பற்றும் வழக்கம் இருந்தது. அண்ணன் ஒரு கோயில் ஏட்டிலும் தங்கை வேறொரு கோயில் ஏட்டிலும் இருப்பதன் காரணம் இதுவே.

பிரஷ்யப் பகுதியைக் குறித்து அதிகம் கூறவேண்டியதில்லை. அங்கே பங்கேடுகள் லத்தீனிலும், ஜெர்மன் பாஷையிலும், சில இடங்களில் போலிஷிலும் இருக்கும். 1874 அக்டோபர் 1 முதல் அரசாங்கமே தனி ஜனன மரணப் பதிவகங்களை ஏற்படுத்திவிட்டது. போஸ்னான் பிரதேசத்தில் 1800 முதல் 1899 வரையில் நிகழ்ந்த விவாகங்களுக்குத் தொண்டர்கள் தயாரித்திருக்கும் பட்டியல் அற்புதமான உதவி. அப்பகுதியினர் அதிலிருந்தே தொடங்கலாம். யூதக் குடும்பங்களைத் தேடுபவர்களுக்கு ஒரு குறிப்பு: போலந்து ராஜ்யத்தில் 1808 முதல் 1825 வரையில் அவர்களுடைய பதிவுகளும் கத்தோலிக்கக் குருவானவர் வைத்திருந்த அதே ஏடுகளில் அடங்கியிருக்கின்றன, 1826 முதல்தான் தனி ஏடுகள்.

பெயர்களும் தேதிகளும் வைக்கும் பொறிகள் சிலவற்றைச் சொல்லியே தீரவேண்டும். லத்தீன் ஏட்டில் அதால்பெர்த்துஸ் என்று இருப்பவர் ஊரில் வோய்ச்செஹ் என்று அழைக்கப்பட்டவரே. இருவரும் வேறு என்று எண்ணி ஒரு தலைமுறையைக் கூட்டிக்கொண்ட வமிச விருட்சங்கள் பல. நோவாக் என்பவருடைய மனைவி நோவாக்கோவா, மகள் நோவாக்குவ்னா. கொவால்ஸ்கி என்பவருடைய மனைவியும் மகளும் கொவால்ஸ்கா. லத்தீன் குருமார்கள் மாதங்களைச் சுருக்கி 7ப்ரிஸ், 8ப்ரிஸ் என்று எழுதியிருந்தால் அவை ஜூலையும் ஆகஸ்டும் அல்ல, செப்டம்பரும் அக்டோபருமாம். வயதையோ ஒருபோதும் நம்பற்க. முப்பது, நாற்பது, ஐம்பது என்று முழு எண்ணாக வரும் வயது, அறிவித்தவர்களின் உத்தேசமே. மரணப் பத்திரத்தில் எண்பது என்று இருப்பவர் அறுபத்தெட்டில் இறந்திருக்கலாம்.

இவ்வளவு ஐயங்களுக்கும் நடுவே நிச்சயத்தை அடைவது எவ்வாறு? தனி மனிதரைத் தேடுவதை விட்டுக் குடும்பத்தைத் தேடுவதே வழி. கொள்ளுப்பாட்டனாரின் ஜனனப் பத்திரம் அகப்பட்டதும் அவருடைய பெற்றோரின் விவாகத்துக்குத் தாவிவிடாமல், அப்பெற்றோருக்குப் பிறந்த எல்லாக் குழந்தைகளையும், சிசுப் பருவத்தில் இறந்தவர்கள் உட்பட, முதலில் சேகரிக்கவேண்டும். ஒரே பெயருள்ள குழந்தை சிறுவயதில் மாண்டுபோக, அடுத்துப் பிறந்ததற்கு அதே பெயரை இட்ட குடும்பங்கள் ஏராளம். மரண ஏட்டைப் பாராமல் முதற் குழந்தையையே தம் முன்னோராகக் கொண்டவர் அதன் கல்லறைக்கு உரியதை உயிரோடிருந்தவருக்குச் சேர்த்தவராவார். ஞானப்பெற்றோரையும் சாட்சிகளையும் தனியே குறித்துவைக்க வேண்டும். அவர்கள் பெரும்பாலும் சித்தப்பன், அத்தை, மாமன், பக்கத்து வீட்டார் என்னும் உறவின் முறையினர். இரண்டு யான் நோவாக்குகளுள் நம்மவர் யார் என்பதை, பல சமயங்களில், குழந்தையை ஏந்தி நின்ற ஞானத்தாயின் பெயரே தீர்மானித்துவிடும்.

போலந்து ராஜ்யத்தில் விவாகப் பத்திரத்தோடு இணைக்கப்பட்ட துணைக் காகிதங்கள் தனிக் கட்டுகளாகப் பல இடங்களில் பாதுகாக்கப்பட்டுள்ளன. மணமகன் வேற்றுப் பங்கினனாயின் அவனுடைய ஞானஸ்நான நகல், பெற்றோர் இறந்திருப்பின் அவர்களது மரண நகல், முன் மனைவி காலமாகியிருப்பின் அதற்குரிய சான்று ஆகியவை அக்கட்டில் இருக்கும். பிறந்த பங்கின் ஏடு யுத்தத்தில் எரிந்துபோயிருந்தாலும், மணந்த பங்கின் கட்டிலே அதன் ஒரு பக்கம் உயிர் பிழைத்திருக்கக்கூடும். இக்காகிதங்களைப் பாராமலே தேடல் முடிந்துவிட்டதென்று கருதுவோர் பலர் என்பது வருந்தத்தக்கது. கத்தோலிக்க ஏடுகளில் 1908-க்குப் பின் இன்னொரு நன்மை உண்டு. விவாகம் நடந்த பங்கிலிருந்து ஞானஸ்நானம் பெற்ற பங்குக்கு அறிவிப்பு அனுப்பவேண்டும் என்று திருச்சபை விதித்தமையால், ஜனனப் பதிவின் ஓரத்தில் அவர் எங்கே, எப்போது மணந்தார் என்ற குறிப்பு, அது அமெரிக்காவில் நடந்திருப்பினும், எழுதப்பட்டிருக்கலாம்.

இனி ஏடுகள் இருக்கும் இடம். போலந்துச் சட்டப்படி ஜனனப் பதிவுகள் 100 ஆண்டும், விவாக மரணப் பதிவுகள் 80 ஆண்டும் உள்ளூர்ப் பதிவகத்தில் இருந்துவிட்டு, அதன்பின் அரசாங்க ஆவணக் காப்பகத்துக்குச் செல்லும். அதற்குட்பட்ட காலத்துப் பத்திரத்தை வமிசத்தினர் தம் உறவை நிரூபித்தே பெறவேண்டும். பழைய ஏடுகள் இரண்டு பிரதிகளாக எழுதப்பட்டவை ஆதலின், கோயிற் பிரதி ஓரிடத்திலும், அரசாங்கத்துக்கோ மேற்றிராசனத்துக்கோ அனுப்பிய பிரதி வேறோரிடத்திலும் இருக்கும். ஒன்று இல்லை என்ற விடை கிடைத்தால் மற்றொன்றைக் கேட்கவேண்டும். 1944-ஆம் ஆண்டு எழுச்சிக்குப் பின் வார்சாவில் ஜெர்மானியர் மூட்டிய தீயில் அழிந்த ஆவணங்களுக்கு ஈடு இல்லை. ஆயினும் நாட்டுப்புறப் பங்குகளின் ஏடுகள் நாம் எதிர்பார்ப்பதைவிட மிகுதியாகவே பிழைத்திருக்கின்றன. 1945-இல் எல்லை மேற்கே நகர்ந்ததால், கிழக்குப் பிரதேசத்து ஏடுகள் சில வார்சாவிலுள்ள பழைய ஆவணங்களின் தலைமைக் காப்பகத்திலும், சில லிவிவிலும், சில வில்னியசிலும் உள்ளன. அரசாங்கக் காப்பகங்களின் ஏடுகள் பல ஒளிநகலாக இணையத்தில் பார்வைக்கு இருக்கின்றன. போலந்து வம்சாவளிச் சங்கத்தின் தொண்டர்கள் தயாரித்துவரும் கெனெதேகா என்னும் பெயர்ச் சுட்டு தேடலைப் பெரிதும் சுருக்கும். சுட்டில் கண்டதை மூல ஏட்டில் ஒத்துப் பார்த்த பின்பே ஏற்கவேண்டும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

சில ஏடுகள் இன்றும் பங்குக் கோயிலிலேயே இருக்கும். குருவானவருக்கு எழுதும் கடிதம் போலிஷில், சுருக்கமாக, ஒன்றிரண்டு பதிவுகளுக்கு மேற்படாமல், பெயர், உத்தேச ஆண்டு, பெற்றோர் ஆகிய விவரங்களோடு இருக்கட்டும். கோயிலுக்கு ஒரு சிறு காணிக்கையும் சேர்த்து அனுப்புவது மரியாதை. பதில் எழுதவேண்டுமென்ற சட்ட நிர்ப்பந்தம் அவருக்கு இல்லை; அநேகமாக ஆயிரக்கணக்கான ஆத்துமாக்களின் பொறுப்பு அவருக்கு உண்டு. ஆறு மாதம் பொறுத்து ஒரு நினைவூட்டு எழுதுவதில் தவறில்லை.

1784-க்கும் 1808-க்கும் முற்பட்ட லத்தீன் வரிகளை அடைந்தபோது, பெயருக்கு முன்னுள்ள அடைமொழியைக் கவனியுங்கள். லபோரியோசுஸ் என்று இருந்தால் குடியானவர். ஃபமாதுஸ் அல்லது ஹொனெஸ்துஸ் எனின் நகரத்தார். நொபிலிஸ், கெனெரோசுஸ், மஞ்ஞிஃபிகுஸ் எனின் ஏறுவரிசையில் பிரபு வமிசத்தினர். குடியானவர்களிடையே குடும்பப் பெயர் அக்காலத்தில் நிலைபெறாமல், தொழிலாலும் வீட்டாலும் மாறிக்கொண்டிருந்தமையால், ஒரே மனிதர் ஒரு குழந்தையின் பதிவில் ஒரு பெயரோடும் அடுத்ததில் வேறு பெயரோடும் தோன்றுவார். மனைவியின் பெயரும் கிராமமும் ஞானப்பெற்றோரும் ஒத்திருந்தால் அவரே இவர் என்று துணியலாம். ஒத்திராவிட்டால், வமிச விருட்சத்தில் அக்கிளையைத் திறந்தே விட்டுவிடுங்கள். எழுதும் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே பங்கு, ஆண்டு, பத்திர எண், ஏடு இருக்கும் காப்பகம் ஆகிய நான்கையும் குறித்துவையுங்கள். பெயரை மூல ஏட்டிலுள்ள எழுத்துக்கூட்டின்படியே பிரதிசெய்து, உங்கள் ஊகத்தை வேறு மையால் பக்கத்தில் எழுதுங்கள்.